போருக்குள் இறங்கிய சால்வென்ட்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)

சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலே நெல் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு எடைக்குக் காத்திருந்த பெரியவர் ஒருத்தர், போன போகத்திலே என்னைப் பிடித்துக்கொண்டார். ரகம், உரம், பூச்சி மருந்து பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சார், என் நிலத்துக்குப் பக்கத்திலே ரோட்டோரம் ஒரு மனை. அதை ஒருத்தர் வாடகைக்கு எடுத்து, டவுன்லேருந்து பழைய பேரல் வாங்கியாந்து, கழுவி விக்கிறார். பேரல் அடியிலே மிச்சம் மீதி இருக்கிறதை ஒரு குழி வெட்டி அதிலே ஊத்தறார். கேட்டா, 'இது பெட்ரோல் மாதிரிங்க, வெயில் பட்டா காத்துலே பறந்துடும்'னு சொல்றார். ஒரு வருஷம் ஆச்சு. இப்போ என் போர் தண்ணியிலே ஒரு நெடி. மண்ணெண்ணெய் நாத்தம் இல்லே. கொஞ்சம் தித்திப்பா, ஆஸ்பத்திரி மயக்க மருந்து மாதிரி. ஆனா பக்கத்திலேயே இருக்கிற நாப்பதடிக் கிணத்துலே ஒண்ணும் தெரியலே. மேலே ஊத்தினது மேல் கிணத்துலே இல்லாம, நூத்தி எம்பதடி போர்லே எப்படி சார் போய்ச் சேர்ந்தது?"

நல்ல கேள்வி. மண்டியிலே நின்றபடி பதில் சொல்ல முடிகிற கேள்வியும் அல்ல. அன்றைக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இன்றைக்குப் பேசுகிறேன்.

சால்வென்ட் என்ற வார்த்தை நம்ம வட்டாரத்துக்குப் புதிதல்ல. மணிலாப் பிண்ணாக்கிலே செக்கும் எக்ஸ்பெல்லரும் விட்டுவைத்த எண்ணெயை எடுக்கிறதற்கு 'சால்வென்ட் ஆலை' இருக்கிறதே, அங்கே ஊற்றுகிற ஹெக்ஸேன் ஒரு சால்வென்ட். பெயிண்டிலே கலக்கிற தின்னர் ஒன்று. ஆரணிப் பட்டுப்புடவையிலே எண்ணெய்க் கறை பட்டுவிட்டால் தண்ணியிலே போடாமல் டிரை வாஷுக்குக் கொடுக்கிறோம் இல்லீங்களா? 'டிரை' என்றால் உலர்ந்தது என்று அர்த்தம். ஆனால் அங்கே ஒன்றும் உலர்வாக இல்லை. தண்ணீருக்குப் பதில் வேறொரு திரவத்திலே புடவையை முக்கி எடுக்கிறார்கள். நம்ம பக்கம் சின்னக் கடைகளிலே டர்பன்டைன் மாதிரியான பெட்ரோலியச் சரக்கு. பெரிய மெஷின் வைத்திருக்கிற இடங்களிலே பெர்குளோரோஎதிலீன். சுருக்கமாக 'பெர்க்' என்பார்கள். இரும்புச் சாமானிலே கிரீஸ் போக்குகிற பட்டறைகளுக்கு டிரைக்குளோரோஎதிலீன், சுருக்கமாக டி.சி.இ. எண்ணெயைக் கரைக்க வேண்டும், வேலை முடிந்ததும் தானாக ஆவியாகிப் போக வேண்டும். இந்த ரெண்டு குணத்துக்காகத்தான் இவற்றைத் தொழிற்சாலைக்காரர்கள் வாங்குகிறார்கள்.

பேரல்காரர் சொன்னது பாதி உண்மை. ஹெக்ஸேனையோ தின்னரையோ ஒரு தகரத் தட்டிலே ஊற்றி வெயிலிலே வைத்தால் கொஞ்ச நேரத்திலே காணாமல் போகும். காற்றிலே கலந்த அந்த ஆவியை வெயிலால் உண்டாகிற சில வேகமான மூலக்கூறுகள் சில நாளிலே சிதைத்துவிடும். டி.சி.இ. ஆவிக்கு ஒரு வாரம் போல ஆகும். பெர்க்குக்குச் சில மாதம். கார்பன் டெட்ராகுளோரைடு என்று ஒன்று உண்டு. நெல்லிலே வண்டு விழாமல் இருக்க அந்தக் காலத்திலே ஈ.டி.சி.டி. என்று ஒரு புகை மருந்து போடுவார்களே, அதிலே பாதிப் பேர் இதனுடையது. இது காற்றிலே கலந்தால் முப்பது வருஷம் போலச் சுற்றிக்கொண்டு, மேலே இருக்கிற ஓசோன் படலத்தைத் தின்னும். அதனால்தான் 1987-ல் மாண்ட்ரீலில் போட்ட உடன்படிக்கைப்படி, 2010-க்குள் நம்ம நாட்டிலும் இதைக் கரைப்பானாகப் பயன்படுத்துவதை நிறுத்தினார்கள்.

ஆகவே காற்றிலே 'பறந்து போகிறது' என்பதிலேயே இத்தனை வித்தியாசம். அதுவும் தட்டிலே ஊற்றினால்தான். குழியிலே ஊற்றினால் கதையே வேறு. வெயிலும் காற்றும் மண்ணுக்கு உள்ளே எட்டாது.

இனிமேல் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் சுமார் 800 கிராம். ஹெக்ஸேன் 660 கிராம்தான். இவை மண்ணிலே இறங்கினாலும் நிலத்தடி நீரின் மேல்மட்டத்துக்கு வந்ததும் மிதந்து நின்றுவிடும். மேல் கிணற்றிலே ஆடை மாதிரி பளபளவென்று தெரியும். மூக்குக்கும் தெரியும். நமக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

குளோரின் ஏறிய சால்வென்டுகள் அப்படி இல்லை. டி.சி.இ. ஒரு லிட்டர் 1 கிலோ 460 கிராம். பெர்க் 1 கிலோ 620 கிராம். தண்ணீரை விடக் கனம். நீர்மட்டத்தைத் தொட்டதும் நிற்காது. கல்லைப் போட்ட மாதிரி அதைத் தாண்டி உள்ளே இறங்கும். இன்னொன்று: கனமான திரவம் என்றால் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும் என்று நினைப்போம். டி.சி.இ. அப்படியல்ல. தண்ணீரை விடவும் இளக்கமாக ஓடுகிற திரவம். தண்ணீர் கசிய யோசிக்கிற மயிரிழை வெடிப்பிலே கூட இது புகுந்து போகும்.

நம்ம வட்டாரத்துப் பூமி எப்படி இருக்கிறது? மேலே மண். அடுத்தது சரளையும் மக்கிப்போன பாறையும். அதற்குக் கீழே வெடிப்பு விட்ட கெட்டிப் பாறை. கிணறு வெட்டினவர்களுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்தப் பெரியவருடைய நாற்பதடிக் கிணற்றுக்கு மக்கின பாறையிலிருந்து ஊற்று. போருக்கு ஆழத்துப் பாறை வெடிப்பிலிருந்து ஊற்று. குழியிலே ஊற்றின கனச் சரக்கு சரளை வழியாக இறங்கி, கிணற்றுப் பக்கம் திரும்பாமல், ஏதோ ஒரு வெடிப்பைப் பிடித்து நேராகக் கீழே போயிருக்கிறது. பம்பு ஓட ஓட, போர் அந்த வெடிப்பிலே இருக்கிற தண்ணியைத் தன் பக்கம் இழுக்கிறது. பேரல் குழிக்கும் போருக்கும் நடுவிலே வாய்க்கால் வெட்டி விட்டது மோட்டார்தான் என்று சொன்னால் தப்பில்லை. சோதனை செய்யாமல் முடிவாக ஒன்றும் சொல்லக்கூடாது, ஆனாலும் அவர் சொன்ன அடையாளங்கள் இந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

"எண்ணெய்ச் சரக்குதானே, தண்ணியிலே கரையாதே" என்று சிலர் சொல்வார்கள். உப்பு மாதிரி கரையாது, வாஸ்தவம். டி.சி.இ. ஒரு லிட்டர் தண்ணியிலே ஒரு கிராமுக்குச் சற்று மேலே கரையும், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்காவிலே குடிதண்ணீருக்கு வைத்திருக்கிற அளவு, லிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டு, அதிலே ஐந்து பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் டி.சி.இ., 29 கோடி லிட்டர் தண்ணியை அந்த அளவுக்குக் கெடுக்கும். முப்பதடிக்கு முப்பதடி சதுரக் கிணறு, இருபதடி தண்ணி நிற்கிறது என்றால் அதிலே ஐந்து லட்சம் லிட்டர் சொச்சம் இருக்கும். அந்த மாதிரிக் கிணறு ஐந்நூற்று ஐம்பதுக்கு மேலே! ஒரு லிட்டர் சரக்குக்கு!

கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான் இன்னும் தொல்லை. மொத்தமாகக் கரைந்தால் நாலு மழையிலே கழுவிப் போகும். இது பாறை இடுக்கிலே தங்கி, வருஷக்கணக்காக, பல இடங்களிலே பத்து இருபது வருஷத்துக்கும் மேலாக, வருகிற தண்ணிக்கெல்லாம் துளித்துளியாக விஷத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இறைத்துத் தீர்த்துவிடலாம் என்று பம்பை ஓட்டினவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். நிறுத்தினதும் மறுபடி அதே நெடிதான்.

அப்படியானால் மண்ணுக்குள்ளே இது சிதையவே சிதையாதா? சிதையும். மணிலா வேர் முடிச்சிலே இருக்கிற ரைசோபியம் நமக்குத் தெரியும். அதைப் போலவே சேற்றிலே, காற்றுப் புகாத இடத்திலே வாழுகிற சில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நாம் மூச்சுக்கு ஆக்ஸிஜனை எடுக்கிற மாதிரி அவை இந்தக் குளோரின் சரக்கைப் பயன்படுத்துகின்றன. 1997-ல் அமெரிக்காவிலே ஒரு கழிவுநீர் நிலையத்துச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, பெர்க்கைக் கடைசி வரைக்கும் சிதைத்துக் காட்டியது. பெர்க்கிலே நாலு குளோரின் உண்டு. ஒன்று கழன்றால் அது டி.சி.இ. இன்னொன்று கழன்றால் டைகுளோரோஎதிலீன். மூன்றாவதும் கழன்றால் வினைல் குளோரைடு. நாலாவதும் போய்விட்டால் மிஞ்சுவது எதிலீன். மாங்காயைப் பழமாக்குகிற அதே வாயு. அதனாலே கெடுதி இல்லை.

இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. வழியிலே வருகிற அந்த வினைல் குளோரைடு, ஆரம்பச் சரக்கை விடக் கொடியது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பொருள். டி.சி.இ.யும் அந்தப் பட்டியலிலே இருக்கிறதுதான். சரியான பாக்டீரியாவோ அதற்கு வேண்டிய தீனியோ இல்லாத இடத்திலே சிதைவு பாதி வழியிலே நின்றுவிடும். 'சிதைந்துவிட்டது' என்று கேட்டதும் நாம் நிம்மதி ஆகிவிடக் கூடாது, எதுவாகச் சிதைந்தது என்று கேட்க வேண்டும். வெளிநாடுகளிலே தீனிக்காக கரும்பாலை மொலாசஸையும், சோயா எண்ணெயையும் போர் வழியாகப் பூமிக்குள்ளே செலுத்துகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் ஒரு டின் பாகைக் கொண்டுபோய்த் தங்கள் போரிலே ஊற்றிவிட வேண்டாம்! அது கூடவே இருந்து மாதாமாதம் சோதனை பார்க்கிறவர்கள் செய்கிற வேலை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சங்கதி என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பெயரை நினைவுபடுத்துகிறேன். செவின். நம்மில் வயசானவர்கள் எத்தனையோ பேர் கத்தரிக்கும் பருத்திக்கும் அடித்த மருந்து. 2018-ல்தான் நம்ம அரசாங்கம் அந்தக் கார்பரில் மருந்தைத் தடை செய்தது. அது தயாரான இடம் போபால், யூனியன் கார்பைடு தொழிற்சாலை. 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு விஷவாயு கிளம்பி ஆயிரக்கணக்கான பேர் மாண்டது உலகத்துக்கே தெரியும். அவ்வளவாகத் தெரியாதது, அந்த இரவுக்கு முன்னாலேயே அங்கே பூமிக்குள்ளே நடந்துகொண்டிருந்தது. செவின் தயாரிப்பிலே கார்பன் டெட்ராகுளோரைடும் குளோரோஃபார்மும் கரைப்பான்களாகப் பயன்பட்டன. கழிவை வளாகத்துக்குள்ளேயும் கொட்டினார்கள். 1977 முதல் வெளியே வெட்டின ஆவியாக்கும் குளங்களிலேயும் விட்டார்கள். வெயிலிலே வற்றிப்போகும் என்பதுதான் அங்கேயும் எண்ணம், நம்ம பேரல்காரர் மாதிரியே.

1999-ல் கிரீன்பீஸ் அமைப்பு சுற்றுவட்டாரக் கைப்பம்புகளிலே தண்ணீர் எடுத்துச் சோதித்தபோது கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம், டி.சி.இ. மூன்றும் இருந்தன. ஒரு பம்பிலே அனுமதிக்கிற அளவுக்குப் பல நூறு மடங்கு. வாயு கிளம்பின ராத்திரிக்குப் பதினைந்து வருஷம் கழித்து! அந்தப் பதினைந்து வருஷமும் ஜனங்கள் அந்தப் பம்பிலே அடித்துத்தான் குடித்தார்கள், சமைத்தார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். 2004-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் குடியிருப்புகளுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. மேலே மூட்டை கட்டி வைத்திருந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியிலேதான் லாரியிலே ஏற்றி பீதம்பூருக்குக் கொண்டுபோய், அந்த வருஷ நடுவிலே எரித்து முடித்தார்கள். மூட்டையிலே இருந்தது போய்ச் சேர்ந்துவிட்டது. மண்ணுக்குள்ளே இறங்கினதை மூட்டை கட்ட முடியாதே.

டிரை வாஷ் சின்னத் தொழில்தானே, அதனாலே என்ன வந்துவிடும் என்றும் கேட்கலாம். அமெரிக்காவிலே வட கரோலினா மாநிலத்திலே கேம்ப் லெஜூன் என்று ராணுவ முகாம். 1953-லிருந்து 1987 வரைக்கும் அங்கே குடித்த தண்ணீரிலே இந்தச் சால்வென்டுகள் கலந்திருந்தன. முகாமுக்குள்ளே கொட்டினதும் உண்டு. ஆனால் ஒரு குடியிருப்பின் தண்ணீரைக் கெடுத்தது, ரோட்டுக்கு எதிரே இருந்த ஒரே ஒரு டிரை கிளீனிங் கடையின் பெர்க். பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட வழி செய்து அந்த நாட்டுச் சட்டம் வந்தது 2022-ல்.

நம்ம பக்கத்திலே பாலாற்றங்கரைத் தோல் கழிவு பற்றி எல்லாரும் பேசுகிறோம். 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன விஷயம். ராணிப்பேட்டைக் குரோமியத் தண்ணியைக் கையிலே எடுத்தால் மஞ்சளாக இருக்கும். உப்பு ஏறின நிலம் வெளுத்துக் கிடக்கும். கண் பார்த்துவிடுகிறது, வாய் கேள்வி கேட்கிறது. சால்வென்ட் கலந்த தண்ணியோ பளிங்கு மாதிரி இருக்கும். பயிரும் உடனே கருகாது. நெடி மூக்குக்குத் தெரிகிற நேரத்திலே அளவு எப்பவோ தாண்டியிருக்கும். இதைப் போல் ஏமாற்றுகிற சரக்கு வேறு இல்லை.

சரி, நெடி தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

முதலிலே அந்தத் தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் எடுப்பதை நிறுத்துங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமிதான் சாகும், இது போகாது. படிகாரத்துக்கும் மசியாது. வடிகட்டின துணிக்கும் அப்படியே. கொதிக்க வைத்தால் ஆவியாகிப் போகும், ஆனால் எங்கே போகும்? அடுப்பங்கரையிலே நிற்கிற அம்மாவின் மூச்சுக்குத்தான். பூட்டின குளியலறையிலே வெந்நீர் ஊற்றிக் குளிப்பதும் அப்படியே. ஊராட்சித் தொட்டித் தண்ணி வருகிறதென்றால் வீட்டுக்கு அதைப் பிடியுங்கள்.

பயிருக்குப் பாய்ச்சலாமா என்று பெரியவரும் கேட்டார். பம்பு வாயிலிருந்து தொட்டியிலே விழுந்து, வாய்க்காலிலே ஓடி, வயலிலே பரவும்போது இந்தச் சரக்கிலே பெரும்பகுதி காற்றோடு போய்விடும். சுத்திகரிப்பு நிலையங்களிலும் உயரமான கோபுரத்திலிருந்து தண்ணியை விழவிட்டுக் காற்றடித்துத்தான் இதைப் பிரிக்கிறார்கள். ஈயம், குரோமியம் மாதிரி வயல் மண்ணிலே வருஷாவருஷம் சேர்ந்துகொண்டே போகிற ரகமும் அல்ல. ஆனாலும் சோதனை முடிவு வருகிற வரைக்கும் கீரைக்கும் பச்சையாகத் தின்கிற காய்க்கும் மேல் கிணற்றுத் தண்ணியையே கட்டுங்கள், மாட்டுக்கும் அதையே காட்டுங்கள் என்றுதான் அவருக்குச் சொன்னேன். அந்த மேல் கிணற்றையும் சோதிக்காமல் நம்பிவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.

சோதனை என்றால் சாதாரணமாக உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் பார்க்கிறார்களே, அதிலே இது தெரியாது. 'எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்' பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் கேனிலே பிடித்துக் குலுக்கிக்கொண்டு போனால் வழியிலேயே பாதி ஓடிப்போகும். கண்ணாடிப் பாட்டிலை விளிம்பு வரைக்கும் ஒரு குமிழி காற்று இல்லாமல் நிரப்பி, இறுக மூடி, ஐஸிலே வைத்து அன்றைக்கே கொண்டு போங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் மனு எழுதுங்கள். எந்த இடத்திலே குழி, எத்தனை மாதமாக ஊற்றுகிறார்கள், பேரல் மேலே என்ன பெயர் அச்சடித்திருக்கிறது, இந்த மூன்றும் மனுவிலே இருக்கட்டும். குழி வெட்டினவரோடு தகராறு வேண்டாம். அவருக்கும் அங்கே போர் இருக்கிறது, அவர் பிள்ளையும் அதைத்தான் குடிக்கிறது. இதைச் சொன்னதும் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொன்று. கிணற்றிலே இந்த மாதிரி நெடி இருந்தால் தூர் வாரவோ மோட்டார் பார்க்கவோ யாரும் இறங்காதீர்கள். இந்த ஆவி காற்றை விடக் கனம். கிணற்று அடியிலே தங்கி நிற்கும். இறங்கினவர் மயங்கி விழுவார், காப்பாற்றப் போனவரும் விழுவார். தின்னர், பெட்ரோல் வகையென்றால் ஒரு பீடி நெருப்பு போதும்.

எடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து போகிறபோதுதான் பெரியவர் மெல்லச் சொன்னார்: "சார், அவர்கிட்டே நானும் நீலப் பேரல் ரெண்டு வாங்கியிருக்கேன். ஒண்ணுலே வீட்டுக்குத் தண்ணி, ஒண்ணுலே விதை நெல்லு."

தண்ணியை உடனே கொட்டிவிடச் சொன்னேன், கிணற்றோரமாக அல்ல. விதை நெல்லைச் சாக்கிலே மாற்றி, வீட்டுக்கு வெளியே நிழலிலே ரெண்டு நாள் பரப்பிவைத்து, விதைப்பதற்கு முன்னால் நூறு விதை எண்ணி ஈரச் சாக்கிலே முளைப்பு பார்க்கச் சொன்னேன். பிளாஸ்டிக் பேரல் சால்வென்டைத் தன் சுவருக்குள்ளே குடித்து வைத்திருக்கும். சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவினாலும் திரும்பத் திரும்பக் கொஞ்சம் விடும். அதிலே தண்ணியும் வேண்டாம், தானியமும் வேண்டாம், தவிடும் வேண்டாம். இரும்புப் பேரல் வைத்திருக்கிறவர்கள் அதை கேஸ் வெல்டிங்காலே வெட்டித் தொட்டி ஆக்கப் போக வேண்டாம். காலி மாதிரி தெரிகிற பேரலிலே மிஞ்சின ஆவி வெடிக்கும்.